தாராளமாக வெட்டு

அன்புள்ள கண்ணா,

நீ கட்டப்போகும் மாடல் ரயில் பெட்டிக் கிட்டின் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பக்கச் சுவர்களில் பலகைக் கோடுகள் சுத்தமாக விழுந்திருக்கின்றன, ஜன்னல் சட்டங்களைத் தனித் தாளில் லேசரில் வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள், கூரை மட்டும் கொஞ்சம் வேலை வாங்கும் போலத் தெரிகிறது. நல்ல கிட்.

நீ கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உன் தண்டவாள வளைவுகள் 18 அங்குல ஆரம், நிஜத்தில் 40 அடி நீளமான பெட்டியின் மாடல் அளவுக்கு அட்டையை வெட்டி வைத்துப் பார்த்தால் அது கண்ணை உறுத்துகிற அளவுக்கு வெளியே நீட்டுகிறது, மூன்று ஜன்னல் நீளத்தைக் குறைத்தால் சரியாக இருக்கும், ஆனால் அப்படி ஒரு பெட்டி நிஜத்தில் ஓடியதே இல்லையே, போலியாகிவிடாதா என்று கேட்டிருந்தாய். வெட்டு. தாராளமாக வெட்டு.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், தண்டவாள இடைவெளி குறைந்த நேரோ கேஜ் பாதைகளின் வரலாறே இருப்பதை மாற்றி மாற்றி ஓட்டிய வரலாறுதான். உன் கிட் எந்தப் பெட்டியைப் பார்த்துச் செய்யப்பட்டதோ அந்தப் பெட்டிகளையே எடுத்துக்கொள். டென்வர் அண்ட் ரியோ கிராண்ட் கம்பெனி 1871-இல் கொலராடோவில் மூன்றடிப் பாதையில் ஓடத் தொடங்கியபோது, ஜாக்சன் அண்ட் ஷார்ப் என்ற தொழிற்சாலையிலிருந்து சின்னச் சின்ன மரப் பெட்டிகளை வாங்கியது. திறந்த வாசல் மேடை, எண்ணெய் விளக்கு, நிலக்கரி அடுப்பு, அவ்வளவுதான். அப்புறம் 1880-களில் நீளமான பெட்டிகள் வந்தன. அவற்றில் சில அரை நூற்றாண்டு கழித்தும் ஓடிக்கொண்டிருந்தன, ஆனால் அதே உருவத்தில் இல்லை. அலமோசாவிலிருந்து டுராங்கோ வரை ஓடிய சான் வான் ரயிலுக்காக 1937-இல் பழைய பெட்டிகளைப் பட்டறைக்கு இழுத்துப்போய் வாசல் மேடைகளை மூடினார்கள், அடுப்பை எடுத்துவிட்டு நீராவிச் சூடு கொடுத்தார்கள், மின்விளக்கு போட்டார்கள். 1951 ஜனவரியோடு அந்த ரயில் நின்றது. பயணிகளுக்குத் தேவைப்படாத பெட்டிகள் பல, பாதை வேலைக்குப் போகும் ஆட்கள் தங்கும் பெட்டிகளாக மாறின, சில பெட்டிகள் மறுபடியும் பயணிகளை ஏற்றத் திரும்பி வந்தன.

இதைவிடத் துணிச்சலாகச் செய்தவர்கள் பக்கத்திலேயே இருந்த ரியோ கிராண்ட் சதர்ன்காரர்கள். நீராவி எஞ்சின் போட்டு ரயில் ஓட்டக் கட்டுப்படியாகவில்லை என்றதும் 1931-இல் ரிட்ஜ்வே பட்டறையில் ஒரு ப்யூக் காரை எடுத்துத் தண்டவாளச் சக்கரம் மாட்டி, பின்னால் சரக்கு வைக்க இடம் கட்டி ஓட்டிவிட்டார்கள். அப்படித் தொடங்கிய வண்டிகளைத்தான் இன்று கேலோப்பிங் கூஸ் என்று உலகம் முழுக்க மாடல் செய்கிறார்கள். 1950-இல் தபால் ஒப்பந்தம் கைவிட்டுப் போனபோது அதே சரக்குப் பகுதியில் ஜன்னல் வெட்டி இருக்கை போட்டுச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றினார்கள். அந்தப் பட்டறை ஆட்கள் உன் மேஜைக்குப் பக்கத்தில் நின்றால், மூன்று ஜன்னலை எடுக்கலாமா என்று நீ தயங்குவதைப் பார்த்து ரம்பத்தை அவர்களே கையில் எடுத்திருப்பார்கள்.

இன்னொன்றையும் நினைத்துப் பார். நீ வைத்திருப்பது ஓஎன்30 என்ற வகை. அதாவது பெட்டி 1:48 அளவில், தண்டவாள இடைவெளி மட்டும் எச்ஓ என்ற சிறிய மாடல் அளவின் 16.5 மி.மீ. மூன்றடிப் பாதையை 1:48-இல் சரியாகச் செய்தால் 19 மி.மீ. வரவேண்டும். ஆக, மூன்றடிப் பாதையின் பெட்டியைக் கிட்டத்தட்ட இரண்டரை அடிப் பாதையில் ஓட்டுகிறாய். எச்ஓ தண்டவாளமும் எச்ஓ சக்கரமும் எளிதாகக் கிடைக்கின்றன என்பதற்காக இந்த உலகமே தெரிந்து ஒப்புக்கொண்ட சமரசம் அது, அதில் ஒரு தப்பும் இல்லை. அந்த இரண்டரை மி.மீ.யை மன்னித்தவன் மூன்று ஜன்னலின் ஐந்து செ.மீ.யையும் மன்னிக்கலாம்.

சரி, வேலைக்கு வருகிறேன்.

நீளத்தைக் குறைக்கும்போது நுனியில் கை வைக்காதே, நடுவில் எடு. படிக்கட்டும் வாசல் மேடையும் நுனியிலிருந்து ட்ரக் (சக்கரங்களைத் தாங்கும் சட்டம்) இருக்கும் தூரமும் அப்படியே இருக்கட்டும், அங்கேதான் பெட்டியின் முகம் இருக்கிறது. நடுவில் எடுப்பதற்கு இன்னொரு காரணம் கணக்கு. இரண்டு ட்ரக்குகளின் நடு ஆணிகளுக்கும் இடையே 18 செ.மீ. இருந்தால், உன் வளைவில் பெட்டியின் நடுப்பகுதி தண்டவாள நடுக்கோட்டைவிட்டு ஏறக்குறைய 9 மி.மீ. உள்பக்கம் ஒதுங்கும். அதையே 13 செ.மீ. ஆக்கினால் 4.6 மி.மீ.தான். தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப இது மாறுவதால், கொஞ்சம் குறைத்தாலே நிறையப் பலன். உன் சுரங்க வாசலில் மிச்சமாகும் அந்த நாலு மி.மீ. எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்கே தெரியும்.

வெட்டும் இடம் பலகைக் கோட்டின் மேலேயே விழ வேண்டும். அந்தக் கோட்டில் வெட்டிச் சேர்த்தால் சேர்ந்த இடம் இன்னொரு பலகை இடுக்கு போலவே தெரியும், பலகையின் நடுவில் வெட்டினால் எவ்வளவு தேய்த்தாலும் பெயின்ட்டுக்கு அடியில் ஒரு தழும்பு நிற்கும். இடது சுவரில் ஒரு ஜன்னல் தூணுக்குப் பக்கத்தில் வெட்டினால், வலது சுவரில் அதற்கு நேர் எதிரே வெட்டாமல் இரண்டு மூன்று ஜன்னல் தள்ளி வெட்டு, அப்போதுதான் பெட்டிக்கு ஒரே இடத்தில் பலவீனம் வராது. தரையையும் கூரையையும் நடுவில் வெட்டி ஒட்டவே ஒட்டாதே. அவற்றை ஒரே துண்டாக நீளம் குறைத்துக்கொள், முதுகெலும்பு அவைதான். சேர்த்த இடத்துக்கு உள்பக்கம் ஜன்னலுக்குக் கீழே ஒரு மெல்லிய பட்டையை ஒட்டு. லேசர் வெட்டிய ஓரங்களில் கருகல் படிந்திருக்கும், மரப்பசை அதில் சரியாகப் பிடிக்காது. உப்புத்தாளால் ஒரு இழுப்பு இழுத்தால் போதும், அதிகம் தேய்த்தால் அளவு போய்விடும்.

மரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இதில் மட்டும் நான் பிடிவாதக்காரி. சுவரை ஒட்டுவதற்கு முன்னாலேயே இரண்டு பக்கமும் சீலர் (ஈரம் புகாமல் மரத்தை அடைக்கும் பூச்சு) அடி. வெளிப்பக்கம்தான் தெரியும் என்று வெளிப்பக்கம் மட்டும் அடித்தால், அந்தப் பக்கம் ஈரத்தை விட்டு ஒதுங்கிவிடும், உள்பக்கம் மட்டும் ஈரத்தைக் குடித்துக் குடித்துச் சுவர் வில்லாக வளையும். இது உடனே தெரியாது, பெட்டி முடிந்து அலமாரியில் ஏறிய பிறகு ஒரு மழைக்காலத்தில் தெரியும். தண்ணீர் கலந்த அக்ரிலிக் பெயின்ட்டை நேராக மரத்தில் அடித்தாலும் நார் எழும்பிக்கொள்ளும். சீலர், லேசான தேய்ப்பு, மறுபடியும் சீலர், அப்புறம்தான் நிறம்.

நிறத்துக்கு முன்னால் ஒரு முடிவு எடு. இந்தப் பெட்டி எந்த வருஷத்தில் ஓடுகிறது? இதை ஒரு தாளில் எழுதி மேஜைமேல் ஒட்டிவிடு, ஏனென்றால் மற்ற எல்லா முடிவும் இதிலிருந்துதான் வரும். 1885 என்றால் கூரையில் அடுப்புப் புகைக்குழாய் வேண்டும், விளக்குகளுக்கு மேலே சின்னச் சின்னக் காற்றுக்குழல் வேண்டும், வாசல் மேடை திறந்திருக்க வேண்டும். சான் வான் போல 1940 என்றால் மேடை மூடியிருக்கும், புகைக்குழாய் இருக்காது, மின்சாரத்துக்காக அடியில் பேட்டரிப் பெட்டி தொங்கும். கிட்டில் இரண்டு காலத்துக்கும் உரிய உதிரிகள் சேர்ந்தே இருப்பது வழக்கம், கொடுத்திருக்கிறார்களே என்று எல்லாவற்றையும் ஒட்டிவிடக் கூடாது. நீ கற்பனைக் கம்பெனி வைத்துக்கொள்வதானால் அதுவும் நல்லதுதான், ஆனால் கற்பனைக் கம்பெனிக்கும் ஒரு வருஷமும் ஒரு வரவுசெலவும் உண்டு. பணமில்லாத கம்பெனி மூன்று ஜன்னல் குறைந்த பெட்டியை ஏன் வைத்திருக்கிறது என்று உனக்குள் ஒரு பதில் இருந்தால் போதும். விபத்தில் நொறுங்கிய பெட்டியைப் பட்டறையில் குட்டையாக்கிக் கட்டினார்கள் என்பது எனக்குப் பிடித்த பதில். ஒரு முனையில் மிச்சமிருக்கும் ஜன்னல்களில் இரண்டை மூடி, சாமான் ஏற்றும் கதவு வைத்தால் பாதிப் பயணிகள், பாதிச் சாமான் என்று கம்பைன் பெட்டியாகிவிடும், சின்னக் கிளைப்பாதைக்கு அதைவிடப் பொருத்தமானது வேறு இல்லை. யோசித்துப் பார்.

ஜன்னல் சட்டங்களைத் தாளிலிருந்து பிரிக்காமலேயே பெயின்ட் அடி. உடம்பும் சட்டமும் வெவ்வேறு நிறம் என்றால் ஒட்டிய பிறகு மெல்லிய பிரஷ்ஷை வைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம். கண்ணாடித் தாளை எல்லாப் பெயின்ட்டும் மேல்பூச்சும் முடிந்த பிறகுதான் வைக்க வேண்டும், அதுவும் வெள்ளைப் பசையால். சூப்பர் க்ளூவின் ஆவி பட்டால் கண்ணாடித் தாள் வெளுத்துவிடும், அதைத் துடைக்கவே முடியாது. எழுத்து டீக்கால் (எழுத்து அச்சடித்த மெல்லிய படலம்) ஒட்டும் இடத்தில் முதலில் பளபளப்புப் பூச்சு அடித்து, டீக்கால் காய்ந்ததும் எல்லாவற்றுக்கும் மேலே மங்கல் பூச்சு. பளபளப்பில்லாத பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று மாட்டி வெள்ளி வெள்ளியாகத் தெரியும்.

கூரையை ஒட்டிவிடாதே! எத்தனை பேர் சொன்னாலும் ஒட்டிவிடாதே. உள்ளே இருக்கை போடுவாய், ஆட்களை உட்கார வைப்பாய், பிறகு விளக்கு வேண்டும் என்று தோன்றும், தோன்றாமல் இருக்கவே இருக்காது. நான்கு மூலையிலும் சின்னக் கட்டைகள் ஒட்டிக் கூரையை அதில் செருகுகிற மாதிரி செய்துகொள். மேலே மெல்லிய டிஷ்யூ தாளை நீர்த்த வெள்ளைப் பசையால் ஒட்டிப் பெயின்ட் அடித்தால் தார் பூசிய கித்தான் போலவே வரும், நடுவில் எழும்பி நிற்கும் கூரையின் பக்கவாட்டில் மட்டும் பொறுமையாகத் துண்டு துண்டாக ஒட்ட வேண்டும்.

அடிப்பாகத்துக்கு வருகிறேன், எனக்கு மிகவும் பிடித்த இடம். தரைக்கு அடியில் ஓடும் இழுகம்பிகளுக்கு நைலான் தூண்டில் நரம்பு நன்றாக இருக்கும், ஆனால் நேராக நிற்கிற அளவுக்கு மட்டும் இழு. முறுக்கேற்றி இழுத்தால் மரத் தரை நடுவில் மேலே வளைந்துவிடும். நிஜப் பெட்டியில் தொய்வு வராமல் இருக்க அந்தக் கம்பிகள் செய்த வேலையை உன் நைலான் தேவைக்கு மேலேயே செய்துவிடும். ட்ரக்குகளில் ஒன்றின் ஆணியை இறுக்கி, திரும்ப மட்டும் விடு. மற்றதைத் தளர்த்தி, எல்லாப் பக்கமும் கொஞ்சம் ஆட விடு. மூன்று புள்ளியில் நிற்கும் பெட்டி மேடுபள்ளத்தில் சக்கரத்தைத் தூக்காது. பெட்டிகளை இணைக்கும் கப்ளரை ட்ரக்கில் மாட்டாமல் உடம்பில் மாட்டு, பின்னோக்கித் தள்ளும்போது தடம் புரள்வது பெரும்பாலும் ட்ரக்கில் மாட்டிய கப்ளரால்தான். நீளம் குறைந்ததால் இப்போது அதற்கு உன் வளைவு இடம் கொடுக்கும். சக்கரம் படிக்கட்டின் பின்பக்கத்தை உரசுகிறதா என்று இரண்டு திசையிலும் பார்த்து, உரசினால் படியின் உள்பக்கத்தை மட்டும் சீவு.

எடை முக்கியம். அமெரிக்காவின் நேஷனல் மாடல் ரெயில்ரோடு அசோசியேஷன், இதே 1:48 அளவில் மூன்றடிப் பாதைக்குப் பரிந்துரைப்பது ஒன்றரை அவுன்ஸும், நீளத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் முக்கால் அவுன்ஸும். குறைத்த பிறகு உன் பெட்டி எட்டு அங்குலம், அதாவது ஏறக்குறைய 210 கிராம். மரப் பெட்டி தானாக அவ்வளவு வராது. எடைத் துண்டுகளை இருக்கைகளுக்கு அடியில் தரையோடு தாழ்வாக ஒட்டு, கூரைப் பக்கம் எதையும் ஏற்றாதே. ரொம்பவும் ஏற்றினால் உன் குட்டி எஞ்சின் மேட்டில் திணறும், அதனால் முழு ரயிலையும் மனதில் வைத்துக்கொள்.

கப்ளர் உயரம் பார்க்கும் அளவுகோல் என்னிடம் ஒன்று கூடுதலாக இருக்கிறது, அடுத்த பார்சலில் கொஞ்சம் டிஷ்யூ தாளோடு சேர்த்து அனுப்புகிறேன், அது வரும்வரை கப்ளரை மாட்டாதே. வருஷத்தை முடிவு செய்ததும் எனக்கு எழுது, கம்பைன் செய்வதாக இருந்தால் கதவுக்கான அளவை வரைந்து தருகிறேன். வெட்டுவதற்கு முன்னால் பென்சிலில் குறித்து இரண்டு சுவரையும் படம் எடுத்து அனுப்பு. பெட்டி முடிந்ததும் அடிப்பாகத்தையும் படம் எடு, எல்லோரும் மேல்பக்கத்தை மட்டுமே அனுப்புகிறார்கள்.

அன்புடன்,
அம்மா