என் இடக்கைக்குப் பாடம் சொன்னவர்களுக்கு

மன்றத்து உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஞாயிறு நடந்த இரட்டையர் டென்னிஸ் ஆட்டத்தில், என் பேக்ஹேண்ட் பக்கம், அதாவது மட்டை பிடிக்கும் வலக்கைக்கு எதிரான இடப்பக்கம், வேகமாக வந்த சர்வை (எதிரணி ஆட்டத்தைத் தொடங்கி அடிக்கும் பந்தை) இரு கைகளாலும் அடித்துத் திருப்பினேன். வலையருகே நின்றவரைத் தாண்டிப் பந்து கோட்டுக்குள் விழுந்தது. நீங்கள் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினீர்கள். அந்தக் கைதட்டலுக்கு உரியவர்கள் சிலர் அன்று அங்கே இல்லை. இருந்த சிலரும் பின்வரிசையில் ஒதுங்கி நின்றார்கள். அவர்களுக்காகவே இந்த மடல்.

முப்பது ஆண்டுகளாக ஒற்றைக் கை பேக்ஹேண்ட்தான் என் ஆட்டம். ராமநாதன் கிருஷ்ணன், விஜய் அமிர்தராஜ், ரமேஷ் கிருஷ்ணன் என நாம் தலைமேல் வைத்துக் கொண்டாடியவர்கள் எல்லோரும் அப்படித்தான் ஆடினார்கள். 1989 ஆஸ்திரேலிய ஓபனில், அப்போது உலகின் முதல்நிலை வீரராக இருந்த மாட்ஸ் விலாண்டரை ரமேஷ் வென்ற செய்தியை நாளிதழில் படித்துவிட்டு, மாலை முழுவதும் சுவரில் பந்தடித்தவன் நான். அந்த அடியைக் கைவிட மனம் வரவில்லை. ஆனால் சென்ற ஆண்டு வலது முழங்கையின் வெளிப்புறத்தில் தொடங்கிய வலி, காபி டம்ளரைத் தூக்கவும் விடாத அளவுக்கு முற்றியது.

முதல் நன்றி எங்கள் தெருவில் இயன்முறை மருத்துவம் பார்க்கும் தங்கைக்கு. பயிற்சிகளைச் சொல்லி அனுப்பியதோடு நிற்காமல், ஒரு நாள் விடியற்காலையில் ஆடுகளத்துக்கே வந்து உட்கார்ந்து பார்த்தார். "பந்தைத் தாமதமாகச் சந்திக்கிறீர்கள் அண்ணா. மணிக்கட்டு வளைந்துவிடுகிறது. அதிர்ச்சி முழுவதும் முன்கைத் தசைநாணில் இறங்குகிறது. பாரத்தை இன்னொரு கைக்கும் பகிர்ந்து கொடுங்கள்" என்றார்.

அடுத்து, மன்றத்தில் உறுப்பினர்களோடு ஆடிப் பயிற்சி கொடுக்கும் மார்க்கர் அண்ணன். அவருக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. இரண்டாவது கை வெறும் முட்டுக்கொடுக்கத்தான் என்று நினைத்திருந்தேன். அவர் என் வலக்கையிலிருந்து மட்டையை வாங்கி இடக்கையில் கொடுத்து, "இனி ஆறு வாரம் இந்தக் கை மட்டும்தான் ஆட வேண்டும்" என்றார். வேலை நேரம் முடிந்த பிறகும் தினமும் அரை மணி நேரம் நின்று, கூடை கூடையாகப் பந்து போட்டார். இரு கை பேக்ஹேண்ட் என்பது உண்மையில் இடக்கையின் ஃபோர்ஹேண்ட், அதாவது அந்தக் கையின் பக்கமே வரும் பந்தை அடிப்பது, என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. கீழே இருக்கும் வலக்கை வழி காட்டுகிறது, அடிப்பது இடக்கை.

பிறகு பிடிகளைச் சோதித்தோம். எண்கோணக் கைப்பிடியில் வலக்கையை ஃபோர்ஹேண்டுக்குப் பிடிப்பது போலவே விட்டபோது மட்டையின் முகம் மேல்நோக்கித் திறந்தது, பந்து பின்வேலியில் போய் விழுந்தது. வலக்கையை மிகவும் திருப்பிப் பிடித்தபோது தாழ்வான பந்துகள் வலையில் மாட்டின. கடைசியில் வலக்கைக்குச் சுத்தியலைப் பிடிப்பது போன்ற காண்டினென்டல் பிடி, அதற்கு மேலே ஒட்டினாற்போல இடக்கைக்கு மட்டையோடு கைகுலுக்குவது போன்ற ஈஸ்டர்ன் ஃபோர்ஹேண்ட் பிடி என்று நிலைத்தது. எட்டாத பந்துக்கு மட்டும் இடக்கையை எடுத்துவிட்டு, பந்தின் அடியைச் சீவுவது போன்ற ஸ்லைஸ் ஆடுகிறேன். என் பழைய அடி அந்த அளவில் என்னோடு இருப்பதில் எனக்கு நிறைவு.

மட்டைக்கு நரம்பு பின்னும் தம்பி, முழங்கைக்கு இதமாக இருக்கட்டும் என்று இழுவிசையை இரண்டு பவுண்டு குறைத்தார். இடக்கை வழுக்காதபடி பிடிநாடாவை மேலே வரை நீட்டிச் சுற்றிக் கொடுத்தார், அதற்குக் காசு வாங்கவில்லை.

ஃபோர்ஹேண்டையும் இரு கையால் ஆடிப் பார்க்கச் சொன்னவர், எங்களோடு காலையில் ஆடும் கல்லூரி மாணவி. வீராங்கனை மோனிகா செலஸ் இரு பக்கமும் இரு கையால் ஆடியவர். 1992 பிரெஞ்சு ஓபன் இறுதியில் ஸ்டெஃபி கிராஃபை அவர் வென்ற ஆட்டத்தைக் கண்டுதான், மருத்துவரான ஒரு தந்தை தன் மகளுக்கும் அப்படியே கற்றுக்கொடுத்தார். அந்த மகள் மரியோன் பார்த்தோலி 2013இல் விம்பிள்டன் வென்றார். இந்தக் கதையை அந்த மாணவி சொன்ன உற்சாகத்திலேயே மூன்று வாரம் முயன்றேன். உடலை நோக்கி வரும் பந்துக்கு நன்றாகவே இருந்தது. விலகி வரும் பந்துக்கோ ஓரடி கூடுதலாக ஓட வேண்டும், என் வயதுக் கால்களால் அது முடியவில்லை. ஆனாலும் அந்த மூன்று வாரம் வீண் என்று நான் நினைக்கவில்லை. தோளை முழுதாகத் திருப்பும் பழக்கம் அங்கேதான் வந்தது. நன்றி, மகளே.

என் இரட்டையர் கூட்டாளிக்கு ஒரு சொல். நான் கை மாற்றிப் பழகிய மாதங்களில் என்னால் மூன்று ஆட்டங்கள் தோற்றீர்கள். ஒருமுறைகூட "பழையபடி ஆடுங்கள்" என்று நீங்கள் சொல்லவில்லை. அதை நான் மறக்க மாட்டேன்.

இப்போது டம்ளர் தூக்கும்போது வலி இல்லை. தோளுயரம் எழும் பந்துதான் இன்னும் வசப்படவில்லை. நாளைக் காலை ஐந்தரைக்கு, தண்ணீர் தெளித்த செம்மண் காய்வதற்குள் அதைப் பார்த்துவிடலாம் என்று மார்க்கர் அண்ணன் சொல்லியிருக்கிறார்.

நன்றியுடன்,
இரண்டாம் ஆடுகளத்துக் காலை நேர உறுப்பினன்