காந்தி சிலையடியில் கால் வராதவர்கள்

திருகோணமலை
2023 மார்ச் 18

அன்பின் மச்சான்,

தைப்பொங்கலுக்கு நீ எழுதிய கடிதத்துக்கு இப்போதுதான் பதில். கோபிக்காதே. வீட்டில் எல்லோரும் சுகம், அக்காவின் முழங்கால்தான் அப்படியே. நீ அனுப்பிய சொக்கலேட்டில் பாதியைக் குண்டனே முடித்துவிட்டான். இனி அவன் வீட்டுக்கே அனுப்பு!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன புதன்கிழமை புது வரிக்கு எதிராகப் பணிப்பகிஷ்கரிப்பு. எங்கள் மூத்தவள் பதாகையோடு தெருவில் நின்றாள். ஊர்வலச் சத்தம் கேட்டாலே கதவைச் சாத்தும் பிள்ளை, மச்சான்! ஜனவரியிலிருந்து மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் உழைத்தால் வரி பிடிக்கிறார்கள். 6 வீதத்தில் தொடங்கி 36 வரை ஏறுகிறது. வங்கிக் கடனும் போக அவள் கையில் மிஞ்சுவது சொற்பம். பக்கத்தில் ஆசிரியர்கள், டொக்டர்மார், துறைமுகத்து ஆட்கள். சிங்களவர், முஸ்லிம்கள், எங்கள் ஆட்கள் எல்லோரும் ஒரே வரிசையில் நின்றார்கள். பார்க்க எனக்கு நெஞ்சு நிறைந்தது.

பின்னேரம் கடற்கரையில் வள்ளத்துச் சித்தப்பாவைக் கண்டேன். போன ஆவணியில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் 87 ரூபாயிலிருந்து 340க்கு ஏறியது அல்லவா, அதிலிருந்து அவர் கிழமைக்கு மூன்று நாள்தான் கடலுக்குப் போகிறார். ஊர்வலத்துக்கு ஏன் வரவில்லை என்று கேட்டேன்.

"சம்பளக்காரன் ஒருநாள் நிக்கலாம் தம்பி. நான் நிண்டா அண்டைக்கு உலை வைக்கேலாது. அதோட, அந்தக் காந்தி சிலையடியில கூட்டமா நிக்க எனக்குக் கால் வராது."

அதற்குமேல் நான் கேட்கவில்லை. 2006 ஜனவரி 2 நீயும் நானும் மறக்கிற நாளா? அந்தச் சிலையடியில் சுட்டுக் கொல்லப்பட்ட ஐந்து மாணவப் பிள்ளைகள்.

சித்தப்பா சொன்னதிலிருந்து இதே நினைப்புத்தான். மிக மோசமாக அடிபட்டவர்கள்தான் முதலில் தெருவுக்கு வருவார்கள் என்று எண்ணியிருந்தேன். அப்படியில்லை. ஒருநாள் கூலியை இழந்தும் சமாளிக்கக் கூடியவர்கள் வருகிறார்கள், பக்கத்தில் நிற்கத் தோழர் உள்ளவர்கள் வருகிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. மூத்தவளின் கோபம் நியாயமானது. ஆனால் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடும் தாய்மார் 2017 முதல் வடக்கிலும் கிழக்கிலும் தெருவில் இருக்கிறார்கள். சம்பளமும் இல்லை, சங்கமும் இல்லை. அவர்களோடு நான் ஒருநாளாவது போய் இருந்தேனா?

இரவு இதை மூத்தவளிடம் சொன்னேன். கொஞ்சநேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம், "ஞாயிற்றுக்கிழமை போவமா அப்பா?" என்றாள். நாளைக்குப் போகிறோம். சித்தப்பாவையும் கேட்டிருக்கிறேன், அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.

உன்,
மச்சான்