எச்4 ரிசெப்டர் ஆன்டிபாடி பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள ஆய்வக நண்பர்களுக்கு, வணக்கம்.

நாங்கள் தருவித்துக் கொடுத்த ஹிஸ்டமின் எச்4 ரிசெப்டர் ஆன்டிபாடி (ஹிஸ்டமினை உணரும் எச்4 என்ற செல் புரதத்தைத் தேடி ஒட்டவேண்டிய பொருள்) பற்றி மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் பேச்சு ஓடுகிறது. அந்த ரிசெப்டரின் ஜீனே நீக்கப்பட்ட நாக்-அவுட் எலியின் திசுவிலும் பேண்ட், அதாவது புரதங்களை ஜெல்லில் பிரித்துப் பார்க்கையில் ஆன்டிபாடி ஒட்டிய இடத்தில் தெரியும் கோடு, விழுந்ததாம். பெட்டியை நாங்கள் வெயிலில் போட்டுவைத்ததுதான் காரணமாம். பேண்ட் விழுந்தது உண்மை, படத்தைப் பார்த்தேன். வெயில் கதைதான் மனதை வருத்துகிறது.

பெட்டி வந்ததும் ஜெல் ஐஸ் கட்டியாக இருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்து, நேரத்தை எழுதிய பிறகுதான் குப்பி மைனஸ் 20 ஃப்ரீசருக்குள் போகும். நீங்கள் கையெழுத்துப் போடும் டெலிவரி சலானிலும் அந்த நேரம் இருக்கும், எடுத்துப் பாருங்கள். சரி, வெயில் பட்டது என்றே வைத்துக்கொள்வோம். சூட்டில் கெட்ட ஆன்டிபாடி பெரும்பாலும் பிடிப்பை இழக்கும், பேண்ட் மங்கும். ரிசெப்டரே இல்லாத திசுவிலும் அதே இடத்தில் பளிச்சென்று பேண்ட் வந்தால், அது வேறொரு புரதத்தில் போய் ஒட்டுகிறது என்றுதான் அர்த்தம். ஃப்ரீசருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஜெர்மனியின் ஹானோவர் மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சந்தையில் கிடைத்த எச்4 ஆன்டிபாடிகளைச் சோதித்து, நாக்-அவுட் எலியின் செல்களிலும் அவை ஒட்டுவதை 2012-லேயே எழுதிவிட்டார்கள். ஹிஸ்டமின் ரிசெப்டர்கள் எச்1 முதல் எச்4 வரை நான்குமே செல்சவ்வை ஏழு முறை துளைத்துக் கிடக்கும் புரதங்கள்; செல்லில் இருக்கும் அளவும் சொற்பம். இவற்றுக்கு நல்ல ஆன்டிபாடி அமைவது கஷ்டம்.

ஆன்டிபாடி ஒட்டவேண்டிய புரதத் துண்டான பெப்டைடை அதனோடு கலந்ததும் பேண்ட் மறைந்தது, ஆன்டிபாடி சரி என்பதற்கு அது போதும் என்று சிலர் சொல்கிறார்கள். போதாது. தவறான புரதத்தில் ஒட்டியதும் சேர்ந்தே மறையும். நாக்-அவுட் திசு, அல்லது ரிசெப்டர் இல்லாத செல்லிலும் இருக்கும் செல்லிலும் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டிப் பார்ப்பதுதான் சோதனை. அப்புறம், சாம்பிளை 95 டிகிரியில் கொதிக்கவைக்காதீர்கள். இவ்வகைப் புரதங்கள் திரண்டு ஜெல்லின் மேலேயே நின்றுவிடும்.

இனி நாக்-அவுட் சோதனைப் படத்தைத் தயாரிப்பாளரிடம் கேட்டு வாங்கி, விலைப்புள்ளியோடு அனுப்புவோம். திறந்த குப்பிகளைத் திரும்ப எடுப்பதில்லை.

பேச்சு பரவிய பிறகும் நேராகப் போன் செய்து விசாரித்தவர்களுக்கும், ஆர்டரை நிறுத்தாதவர்களுக்கும் மனமார்ந்த நன்றி. பேண்டில் சந்தேகம் வந்தால் படத்தை எங்களுக்கே அனுப்புங்கள், உட்கார்ந்து சேர்ந்தே பார்ப்போம்.

அன்புடன்,
உரிமையாளர்