இடிக்கிற கேம் எல்லாம் ஒன்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காரை மோதி நொறுக்கும் வீடியோ கேம்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். பிள்ளைகளை நினைத்து வரும் கவலை புரிகிறது, எனக்கும் பத்து வயதில் ஒரு மகள் இருக்கிறாள். ஆனால் கார்மகெடானையும் பர்ன்அவுட்டையும் ஒரே வரியில் சேர்த்து, இரண்டும் ஒரே ரகம் என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார் கட்டுரையாளர். இரண்டையும் விளையாடியவன் என்பதால் சும்மா இருக்க முடியவில்லை.

ஆள் மேல் காரை ஏற்றுகிற கேம்களுக்குத் தனிக் கதை உண்டு. 1976-லேயே எக்ஸிடி என்ற அமெரிக்க நிறுவனம் 'டெத் ரேஸ்' என்று, கடைகளில் காசு போட்டு ஆடும் ஒரு ஆர்கேட் கேமைக் கொண்டுவந்தது. திரையில் ஓடும் குச்சி மாதிரியான உருவத்தைக் காரால் இடித்தால் ஒரு அலறல் கேட்கும், அந்த இடத்தில் ஒரு சிலுவை முளைக்கும், அவ்வளவுதான் கேம். அவை மனிதர்களே இல்லை, குட்டிப் பூதங்கள் என்று நிறுவனம் சொல்லிப் பார்த்தது, எதிர்ப்பு அடங்கவில்லை. 1997-இல் வந்த கார்மகெடான் அதையே இன்னும் பச்சையாகச் செய்தது. தெருவில் நடப்பவர்கள் மேல் காரை ஏற்றினால் கூடுதல் நேரம் கிடைக்கும். பிரிட்டனில் தணிக்கை வாரியம் சான்றிதழ் தர மறுத்ததும் ஆட்களை எடுத்துவிட்டுப் பச்சை ரத்தம் சிந்தும் ஜோம்பிகளை வைத்தார்கள், ஜெர்மனியில் ரோபோக்களை வைத்தார்கள். இதையெல்லாம் பார்த்து ஒரு பெற்றோர் பதறினால் நான் மறுத்துப் பேச மாட்டேன்.

பர்ன்அவுட் அந்த வழியில் போகவே இல்லை. இங்கிலாந்தின் கில்ஃபோர்டில் இருக்கும் கிரைட்டீரியன் நிறுவனம் 2001-இல் தொடங்கிய வரிசை இது. 2008-இல் வந்த 'பர்ன்அவுட் பாரடைஸ்' ஒரு முழு நகரம், ஆனால் நடைபாதையில் ஒரு ஜீவன் கிடையாது, கார்களுக்குள் எட்டிப் பார்த்தால் ஓட்டுநர் இருக்கையும் காலி. பிறகு அதில் பைக்குகளைச் சேர்த்தபோது ஓட்டுபவரைக் காட்டித்தானே ஆக வேண்டும், காட்டினார்கள். ஆனால் மோதிய அந்தக் கணமே அவர் மறைந்துவிடுவார், உருண்டு போவது பைக் மட்டும்தான். இதோடு ஃபின்லாந்துக்காரர்கள் செய்த ஃப்ளாட்அவுட் என்ற கேமை வைத்துப் பாருங்கள், அதில் ஓட்டுநரைக் கண்ணாடி வழியாகத் தூக்கி எறிந்து எவ்வளவு உயரம் போகிறார் என்று அளப்பதே ஒரு போட்டி. சிரித்துக்கொண்டேதான் விளையாடினேன், மகள் வந்தால் கேமை அணைத்துவிடுவேன்.

சரி, மோதல் எதற்கு? 2004-இல் வந்த மூன்றாவது பர்ன்அவுட்டின் பெயரே 'டேக்டவுன்', அதாவது எதிராளியை வீழ்த்துவது. எதிராளியின் காரைச் சுவரிலோ தூணிலோ எதிரே வரும் லாரியிலோ தள்ளிவிட்டால் காருக்குக் கூடுதல் வேகம் தரும் நம் பூஸ்ட் நிரம்பும், பூஸ்ட் பட்டையே நீளமாகும். நாமே மோதி நொறுங்கினாலும் கதை முடியாது, காலம் மெதுவாக நகரும், அந்த நேரத்தில் உருளும் இரும்பைத் திருப்பி, பின்னால் வருகிறவன் வழியில் கொண்டுபோய்ப் போடலாம். தோற்றவனுக்கும் இன்னொரு ஆட்டம் மிச்சம் வைத்த அந்த யோசனையை நான் வேறு ரேஸிங் கேமில் இவ்வளவு அழகாகப் பார்த்ததில்லை. மகளுக்கு ரேஸ் பிடிக்காது, கிராஷ் மோட் மட்டும்தான். ஒரு சந்திப்பு, கையில் ஒரு கார், எங்கே மோதினால் அதிக வண்டிகள் மாட்டும் என்று கேரம் போர்டில் ஸ்ட்ரைக்கர் வைப்பதுபோல் ஒரு கண்ணை மூடிக்கொண்டு கணக்குப் போடுவாள்.

இந்தக் கார்களெல்லாம் கற்பனைக் கார்கள். நிஜக் கார் கம்பெனிகள் தங்கள் வண்டி அப்பளமாவதைத் திரையில் காட்ட லேசில் சம்மதிப்பதில்லை. கிரான் டூரிஸ்மோ என்ற, எல்லோரும் மரியாதையாகப் பேசும் கேமில் பல வருடங்களாகச் சுவரில் முட்டினாலும் கார் மேல் ஒரு கீறல் விழாது, முட்டிவிட்டு ஜாலியாகப் போய்க்கொண்டே இருக்கலாம். வேகத்தைப் பற்றிப் பெரிய பொய் சொல்வது எந்த கேம் என்று கட்டுரையாளரே சொல்லட்டும்.

அப்புறம், பயப்பட வேண்டிய விஷயம் ஒன்று பர்ன்அவுட்டில் இருக்கத்தான் செய்கிறது, கட்டுரை அதைத் தொடவே இல்லை. எதிர் லேனில் ஓட்டினால் பூஸ்ட் ஏறும். எதிரே வரும் வண்டியை மயிரிழையில் உரசாமல் தப்பினால் இன்னும் ஏறும். மோதினால் நாற்பது அடி பறக்கும் காரைப் பார்த்து யாரும் அதை ரோட்டில் செய்து பார்க்க மாட்டார்கள், ஆனால் 'ஒட்டிப் போய்த் தப்பித்துவிடலாம்' என்ற அந்தச் சின்ன நப்பாசை கையிலும் காலிலும் ஒட்டிக்கொள்கிறது. எனக்கு ஒட்டியிருக்கிறது, ஒளிக்க என்ன இருக்கிறது. ஒரு மணி நேரம் விளையாடிவிட்டு நிஜக் காரை எடுத்தால் முன்னால் போகிற வண்டிக்கும் எனக்கும் இடைவெளி குறைந்துபோகிறது. அதனால் கேமுக்குப் பிறகு அரை மணி நேரம் சாவி என் மகளிடம். அவள் கறார், இருபத்தொன்பதாவது நிமிடத்தில் கேட்டாலும் தர மாட்டாள்.

அடுத்த இணைப்பில் இடம் இருந்தால் இரண்டு கேம்களையும் பிரித்து ஒரு திருத்தம் போடுங்கள். பெற்றோருக்கு எதையாவது எச்சரிக்க வேண்டுமென்றால் அந்த எதிர் லேன் பூஸ்ட்டைப் பற்றி எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர் ஒருவர்