பொருத்துக: எப்படி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி, கல்லூரிகளுக்கு இணையவழிப் பாடங்கள் தயாரித்துக் கொடுப்பவர்கள், 'மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தலாம்' என்று ஒரு சான்றையும் சேர்த்தே நீட்டுகிறார்கள். பல நேரம் அது ஒரு மென்பொருள் தானாகச் சோதித்துத் தந்த மதிப்பெண்தான். படத்துக்கு விளக்கம் எழுதப்பட்டிருக்கிறதா என்று மட்டுமே அது பார்க்கும். வெறுமனே 'படம் 1' என்று இருந்தாலும் தேர்ச்சி போட்டுவிடும். அது இதயத்தின் குறுக்குவெட்டுத் தோற்றம் என்பது பார்வையற்ற மாணவருக்கு எப்படித் தெரியும்?

தமிழ்ப் பாடங்களில் சிக்கல் இன்னும் கூடுதல். பாமினி எழுத்துருவில் அடித்த பிடிஎஃப் கண்ணுக்கு 'அம்மா' என்று காட்டும். திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும் மென்பொருளான ஸ்கிரீன் ரீடரோ 'எம், கே, கே, எச்' என்கிற மாதிரி ஏதோ உளறும். உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள், தமிழ் வெறும் மேற்போர்வை. எல்லா மொழிகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடில் அடித்தாலும் பிடிஎஃப் ஆக்கும்போது 'கொ' உடைந்து கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போவதுண்டு. பிடிஎஃப்-இல் ஒரு பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பார்த்தால் அரை நிமிடத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும். வலைப்பக்கமாக இருந்தால், அதன் மொழி 'ஆங்கிலம்' என்று குறிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படியிருந்தால் ஆங்கிலக் குரல் தமிழைத் தாண்டிப் போய்விடக்கூடும்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் பாடம் படிக்கக்கூடியதா என்பதைப் படிப்பவர்தான் சொல்ல வேண்டும். முதல் சுற்றுக்கு ஐந்தாறு பேர் போதும்: ஸ்கிரீன் ரீடர் பயன்படுத்தும் இருவர், எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்பவர் ஒருவர், மவுஸ் பிடிக்க இயலாதவர் ஒருவர், சைகை மொழியில் பேசுபவர் ஒருவர், முடிந்தால் டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடு உள்ள ஒருவர். அவரவர் பழகிய செல்போனிலோ கணினியிலோ செய்யட்டும். 'பார்த்துக் கருத்துச் சொல்லுங்கள்' என்றால் மரியாதைக்கு 'நன்றாக இருக்கிறது' என்பார்கள். உள்நுழைந்து, மூன்றாம் பாடத்தைத் திறந்து, வீடியோவைப் பாதியில் நிறுத்தி, தேர்வெழுதி, மதிப்பெண்ணைக் கண்டுபிடிக்கச் சொல்ல வேண்டும். தடுமாறினால் உடனே கை கொடுக்கக் கூடாது. தடுமாறும் இடத்தைக் குறிக்கத்தானே உட்கார்ந்திருக்கிறோம்.

ஸ்கிரீன் ரீடரைக் கேட்டுக்கொண்டே பேசுவது கடினம், ஆகவே ஒவ்வொரு வேலையும் முடிந்தபிறகு கேள்வி கேட்பதே நல்லது. அதைப் பயன்படுத்துபவர்கள் வைத்திருக்கும் பேச்சு வேகம் நம் காதுக்குப் பிடிபடாது. வேகத்தைக் குறைக்கச் சொல்லாமல், என்விடிஏ என்னும் ஸ்கிரீன் ரீடரில் உள்ள ஸ்பீச் வியூவரைத் திறந்தால் அது பேசுவதெல்லாம் எழுத்தாக ஓடும்.

அதிகம் பேர் முட்டி நிற்கும் இடம் 'பொருத்துக' வினா. விடையை மவுஸால் இழுத்துக் கொண்டுபோய் வைக்கும்படி அமைக்கிறார்கள். விசைப்பலகையை மட்டும் நம்பியிருப்பவர் டேப் விசையை எத்தனை முறை தட்டினாலும் அந்தக் கட்டங்களுக்குள் போகவே முடியாது. ஒவ்வொரு வினாவுக்கும் பக்கத்தில் விடைகளைத் தேர்ந்தெடுக்கும் கீழ்விரி பட்டியல் வைத்தால் போதும், பார்வையுள்ளவருக்கும் அது எளிது. அடுத்தது, தேர்வு நேரம். கடிகாரம் ஓடி முடிந்ததும் விடைத்தாள் தானாகப் போய்விடும் என்றால், நேரத்தை நீட்டிக்கும் வசதி கட்டாயம் வேண்டும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இலேயே வந்துவிட்டது. மின்னணு வசதிகளை அணுகுவது அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்தது. ஆகவே பாடம் வாங்கும் டெண்டரிலேயே இரண்டு வரி சேர்க்கும்படி கல்வித் துறையைக் கேட்டுக்கொள்கிறோம்: மாற்றுத்திறனாளிகளைக் கொண்டு நடத்திய சோதனையின் அறிக்கை இணைக்கப்பட வேண்டும், கண்ட பிழைகளைத் திருத்தி அதே ஆட்களிடம் மறுபடி காட்டிய பிறகே கடைசித் தவணைப் பணம். சோதிக்க வருபவர்களுக்கு ஊதியமும் அந்தக் கணக்கிலேயே ஒதுக்கப்பட வேண்டும். டீயும் நன்றிக் கடிதமும் ஊதியம் ஆகாது.

இப்படிக்கு,
இணையப் பாட அணுகல் சோதனையாளர்கள் சிலர்,
மதுரை