கடிதம் எந்த மேசைக்குப் போகும்?

ஸ்காபரோ,
ஞாயிறு மாலை

அன்புள்ள குகன்,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. அக்காவின் கண் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது எங்கள் எல்லோருக்கும் பெரிய ஆறுதல். அவர் மறுபடி பேப்பர் வாசிக்கத் தொடங்கிவிட்டார் என்றால் இனி உனக்குத்தான் கரைச்சல். அரசியல் கேள்வி கேட்டே உன்னைக் களைக்க வைப்பார். இங்கே எல்லோரும் சுகம். நீதிமன்ற மொழிபெயர்ப்பு வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் என் சத்தம் கூடிவிட்டது என்று சாந்தி முறைப்பாடு. மூத்த பேத்தி குற்றவியல் படிக்கிறாள். அவள் கொண்டுவரும் புத்தகங்களை அவளைவிட நான்தான் அதிகம் வாசிக்கிறேன். உன் கேள்விக்கு நீளமாகப் பதில் எழுதும் துணிச்சல் அங்கிருந்துதான் வந்தது.

இலங்கையில் நடந்த உயிர்த்த ஞாயிறுக் குண்டுத்தாக்குதல் பற்றி நீ எழுதியதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். இந்தியாவிலிருந்து வந்த எச்சரிக்கை 2019 ஏப்ரல் 4ஆம் திகதியே அரச புலனாய்வுச் சேவையின் கையில் இருந்தது. 21ஆம் திகதி காலை தேவாலயங்களில் குண்டு வெடிக்கும்வரை அது கடிதமாகவே இருந்தது. ‘கனடாவில் அப்படி ஒரு கடிதம் வந்தால் யாருடைய மேசைக்குப் போகும்?’ என்று கேட்டிருக்கிறாய். சட்டத்தரணியின் கேள்வி. துப்பாக்கி, கவச வாகனம், கறுப்பு உடை அணிந்த அதிரடிப் படை என்று கேட்காமல் மேசையைக் கேட்டாயே, அதற்கு நன்றி.

இங்கே இரண்டு மேசைகள். ஒன்று சி.எஸ்.ஐ.எஸ். என்கிற புலனாய்வுச் சேவையுடையது. அதற்கு ஆளைக் கைது செய்யும் அதிகாரம் கிடையாது. மற்றது ஆர்.சி.எம்.பி., அதாவது சிவப்புச் சட்டையும் குதிரையுமாகத் தபாலட்டைகளில் நீ பார்த்திருக்கும் மத்திய பொலிஸ். இரண்டுக்கும் நடுவே ஒரு சுவர் இருக்கிறது. அதை வேண்டுமென்றேதான் கட்டினார்கள்.

1984 வரை உளவு பார்ப்பதும் ஆர்.சி.எம்.பி.யின் வேலையாகவே இருந்தது. கியூபெக் பிரிவினைவாதிகளைக் கண்காணிக்கப் போன அதன் பாதுகாப்புப் பிரிவினர், 1972இல் ஒரு கூட்டம் நடக்கக்கூடாது என்பதற்காக ஒரு களஞ்சியக் கொட்டிலையே கொளுத்தினார்கள். மறுவருடம் ஒரு சட்டபூர்வமான அரசியல் கட்சியின் உறுப்பினர் பட்டியலைத் திருட்டுத்தனமாகப் பிரதியெடுத்தார்கள். மக்டொனால்ட் ஆணைக்குழு இதையெல்லாம் விசாரித்துவிட்டு, உளவைப் பொலிஸிடமிருந்து பிடுங்கித் தனியாக வைக்கச் சொன்னது. 1984 ஜூலையில் சி.எஸ்.ஐ.எஸ். பிறந்தது. தேசியப் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட குற்றங்களில் முதற்பொறுப்பு ஆர்.சி.எம்.பி.க்கே என்பதும் அதே ஆண்டுச் சட்டம்தான்.

பிறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, ஏர் இந்தியா விமானக் குண்டுவெடிப்பு வந்தது. 1985 ஜூன் 4ஆம் திகதி நடந்ததைக் கேள். சி.எஸ்.ஐ.எஸ். ஆட்கள் தாங்கள் கண்காணித்து வந்த பர்மார் என்ற சீக்கியத் தீவிரவாதியைப் பின்தொடர்ந்து வான்கூவர் தீவில் டங்கன் என்ற ஊருக்குப் பக்கத்துக் காடுவரை போகிறார்கள். மரங்களுக்குள்ளிருந்து பெரிய வெடிச்சத்தம். துப்பாக்கிச் சத்தம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பத்தொன்பது நாள் கழித்து அயர்லாந்துக் கரையோரம் விமானம் வெடித்து 329 பேர் கடலில் விழுந்தார்கள். அதற்குப் பிறகுதான் பெரிய கூத்து. சி.எஸ்.ஐ.எஸ். பர்மாரின் தொலைபேசியை ஒட்டுக்கேட்டுப் பதிந்த ஏராளமான நாடாக்கள் அழிக்கப்பட்டன. குண்டு வெடித்த பிறகும் அழிந்துகொண்டே போயின. அதில் சதி ஒன்றும் இல்லை. நாங்கள் தகவல் சேர்ப்பவர்கள், சாட்சியம் சேர்ப்பது எங்கள் வேலை இல்லை என்பது அவர்களின் நியாயம். குறிப்பெடுத்தபின் நாடாவை அழிப்பது அலுவலக வழக்கம். 2005இல் குற்றம் சுமத்தப்பட்ட இருவர் விடுதலையானார்கள். குண்டு செய்த ரெயாட் ஒருவர்தான் குற்றவாளியாகச் சிறை போனார். நீதியரசர் மேஜரின் ஆணைக்குழு 2010இல் கொடுத்த அறிக்கையைப் பேத்தியின் கணினியில் வாசித்தேன். இரவு நித்திரை வரவில்லை.

இன்றைய அமைப்பு அந்தக் கடலுக்குள்ளிருந்து எழுந்தது என்பேன். ஆனால் அதைக் கட்டுவதற்கு இன்னொரு நாட்டின் இரட்டைக் கோபுரங்கள் விழவேண்டியிருந்தது. 2001 டிசம்பரில் பயங்கரவாத எதிர்ப்புச் சட்டம் நிறைவேறியது. 2002இல் ‘இன்செற்’ என்று சுருக்கிச் சொல்லும் ஒருங்கிணைந்த தேசியப் பாதுகாப்பு அணிகளைத் தொடங்கினார்கள். முதலில் வான்கூவர், ரொறன்ரோ, ஒட்டாவா, மொன்றியல். பத்து வருடம் கழித்து அல்பேட்டா.

ஏன் ஒருங்கிணைந்த அணி? நீ இங்கே வந்து என்னோடு தெருவில் நடந்தால் காணும் பொலிஸ் ரொறன்ரோ நகரப் பொலிஸ். நெடுஞ்சாலையில் மறிப்பவர் ஒன்ராறியோ மாகாணப் பொலிஸ். ஆர்.சி.எம்.பி. மேற்கு மாகாணங்களில் களவு, அடிதடி வரை பார்க்கிறது; ஒன்ராறியோவிலும் கியூபெக்கிலும் மத்திய அரசின் வேலை மட்டும்தான். ஆகவே ஸ்காபரோவில் எந்தக் கடைக்குப் பின்னால் யார் கூடுகிறார்கள் என்று அதற்குத் தெரியாது. நகரப் பொலிஸுக்குத் தெரியும். எல்லையில் யார் வந்துபோனார் என்பது எல்லைச் சேவைக்குத் தெரியும். இவர்களிலிருந்து ஆட்களை இரவல் வாங்கி, சி.எஸ்.ஐ.எஸ்.இலிருந்தும் ஆளெடுத்து, ஆர்.சி.எம்.பி. தலைமையில் ஒரே அறையில் உட்கார வைத்ததுதான் இன்செற்.

அறை ஒன்றானதும் வேறு விபத்து நடந்தது. ஒட்டாவாவில் ஒரு விசாரணைக் குழு தன்னிடமிருந்த கோப்புகளை அப்படியே குறுந்தட்டுகளில் போட்டு அமெரிக்கர்களிடம் கொடுத்துவிட்டது. இதை இதற்கு மட்டும் பயன்படுத்து என்ற நிபந்தனை எதுவும் இல்லை. மாஹிர் அரார் என்ற கனேடியப் பொறியியலாளரையும் அவர் மனைவியையும் தீவிரவாதிகள் என்று ஆதாரமில்லாமல் எழுதியும் அனுப்பியிருந்தார்கள். 2002 செப்டெம்பரில் நியூயோர்க் விமான நிலையத்தில் பிடித்து, சிரியாவுக்கு அனுப்பி, அங்கே சித்திரவதை. ஏறக்குறைய ஒரு வருடம் கழித்துத்தான் திரும்பினார். ஓகொனர் ஆணைக்குழு 2006இல் அவர் குற்றமற்றவர் என்றது, ஆர்.சி.எம்.பி. ஆணையாளர் பதவி விலகினார். அரசு மன்னிப்புக் கேட்டு 10.5 மில்லியன் டொலர் நட்டஈடு கொடுத்தது. அதன்பின் கயிற்றை இறுக்கினார்கள். மற்றக் குற்றங்களை அந்தந்த மாகாணப் பிரிவு பார்த்துக்கொள்ளலாம். பயங்கரவாத விசாரணையை மட்டும் ஒட்டாவாத் தலைமையகம் நேரடியாகக் கட்டுப்படுத்தும்.

இனி உனக்குப் பிடித்த பகுதி. 1991இல் உச்ச நீதிமன்றம் ஸ்டிஞ்ச்கோம் வழக்கில் தீர்ப்பளித்தது: அரச தரப்பிடம் உள்ள பொருத்தமான தகவல் அனைத்தையும் எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்குக் கொடுத்தாக வேண்டும். உனக்குக் கேட்கவே இனிக்கும். உளவுச் சேவைக்கோ காய்ச்சல் வந்துவிடும். தன் உளவாளியின் பெயர் பொலிஸ் கோப்புக்குள் போனால் நாளை நீதிமன்றத்தில் நிற்கும். ஆகவே சொல்லாமல் இருப்பதே பாதுகாப்பு என்று ஆகிறது.

2006இல் இங்கே பதினெட்டுப் பேரைப் பிடித்தார்களே, மூன்று தொன் அமோனியம் நைத்திரேற்று வாங்கப்போன வழக்கு, அதில் இது அப்பட்டமாகத் தெரிந்தது. அவர்கள் காட்டுக்குள் பயிற்சி முகாம் நடத்திய இடம் சி.எஸ்.ஐ.எஸ்.க்குத் தெரியும், பொலிஸுக்குச் சொல்லவில்லை, பொலிஸ் தானாகத் தேடிக் கண்டுபிடித்தது. பொலிஸ் தவறான ஆளைப் பின்தொடர்கிறது என்று தெரிந்தும், ஆள் இல்லாத வீட்டைக் காவல் காக்கிறது என்று தெரிந்தும் பேசாமல் இருந்த நேரங்கள் உண்டு. கண்ணைக் கட்டி விளையாடும் பிள்ளையைச் சுற்றிநின்று பார்ப்பதுபோல. நான் சொல்லவில்லை; நீதிபதியின் தீர்ப்பில் பதிவான விஷயம். இவ்வளவுக்கும் அது வெற்றிபெற்ற விசாரணை! உரத்துக்குப் பதிலாக ஒன்றுக்கும் உதவாத தூளை மாற்றி அனுப்பி, கையும் களவுமாகப் பிடித்தார்கள்.

இப்போது சுவரில் ஒரு சின்ன ஜன்னல் வைத்திருக்கிறார்கள். சி.எஸ்.ஐ.எஸ். முதலில் ஒரு கடிதம் எழுதும்: இந்த ஆளை நீங்கள் ஒருமுறை பார்த்தால் நல்லது. ஏன், எப்படித் தெரியும் என்பது இருக்காது. பொலிஸ் அதைக் கோப்பில் சாட்சியமாகச் சேர்க்க முடியாது. சுயமாக விசாரணை தொடங்கலாம். தகவலை நீதிமன்றத்தில் காட்டவேண்டிய நிலை வந்தால் அனுமதி தரும் இரண்டாவது கடிதம் வேறு. குற்றம் சுமத்துவதற்குச் சட்டமா அதிபரின் சம்மதமும் வேண்டும். உன் கேள்விக்கு விடை இதுதான்: கடிதம் மேசைக்கு வரும், ஆனால் பாதி எழுத்து மறைக்கப்பட்டு வரும்.

வேகமாகவும் வரும் சில நாட்கள் உண்டு. 2016 ஓகஸ்ட் 10 காலை எஃப்.பி.ஐ. நேரே ஆர்.சி.எம்.பி.க்கு ஒரு வீடியோவைக் கொடுத்தது. முகத்தை மறைத்த ஒருவன் கனடாவில் தாக்கப்போவதாகச் சொல்கிறான். சில மணி நேரத்தில் அவன் யார் என்று கண்டுபிடித்து, ஸ்ட்ராத்ரோய் என்ற சிற்றூரில் வீட்டைச் சூழ்ந்தார்கள். பிற்பகல் அவன் டாக்சிக்குள் ஏறினான், குண்டை வெடிக்க வைத்தான், பொலிஸ் சுட்டதில் இறந்தான். அன்று ரயிலோ சந்தையோ எதுவும் வெடிக்கவில்லை. ஆனால் அவன் ஏற்கெனவே நீதிமன்றக் கட்டுப்பாட்டில் இருந்தவன். காயத்தோடு தப்பிய டாக்சிச் சாரதி, தன்னை ஏன் அந்த வீட்டு வாசல்வரை போகவிட்டார்கள் என்று கேட்டார். நியாயமான கேள்வி.

மறுபக்கமும் சொல்லவேண்டும். மேற்கே ஒரு தம்பதி. போதையிலிருந்து மீள மெதடோன் எடுத்துக்கொண்டு அரச உதவிப்பணத்தில் வாழ்ந்தவர்கள். இருநூறுக்கு மேற்பட்ட பொலிஸார் ஈடுபட்ட இரகசிய நடவடிக்கையில் அவர்களைக் கைபிடித்து நடத்திக்கொண்டுபோய், 2013 கனடா தினத்தன்று விக்டோரியாச் சட்டமன்றத்தில் பிரஷர் குக்கர் குண்டு வைக்கவைத்தார்கள். யூரிகள் குற்றவாளிகள் என்றார்கள். நீதிபதி 2016இல் வழக்கையே நிறுத்தினார்: உலகில் பயங்கரவாதிகள் போதும், பொலிஸ் புதிதாக உண்டாக்க வேண்டாம் என்ற பொருளில் எழுதினார். மேன்முறையீட்டிலும் அது நின்றது. எனக்கு அந்த நீதிபதியைக் கும்பிடவேண்டும் போலிருந்தது.

நம்மவர்கள் பக்கம்? விடுதலைப் புலிகள் இயக்கத்தை 2006இல் பயங்கரவாத அமைப்பாகப் பட்டியலிட்டார்கள். அதே ஏப்ரலில் ரொறன்ரோவிலும் மொன்றியலிலும் அலுவலகங்களில் சோதனை நடந்தது. இந்த நாட்டில் பயங்கரவாதத்துக்கு நிதி சேர்த்ததற்காக 2010இல் முதன்முதலில் தண்டிக்கப்பட்டவர் ஒரு தமிழர். தொகை சில நூறு டொலர். ஆறு மாதம் சிறை. அந்தக் காலத்தில் கதவு தட்டி இயக்கத்துக்குக் காசு கேட்டவர்களுக்குப் பயந்து விளக்கை அணைத்துவிட்டு இருந்தவர்களும், மனமுவந்து கொடுத்தவர்களும் ஒரே தெருவில் இருந்தார்கள். பொலிஸ் கேட்டபோது இரண்டு பேரும் ஒன்றும் தெரியாது என்றார்கள். இன்செற் அறையில் எத்தனை பேர் உட்கார்ந்தாலும் அந்தக் கதவு திறக்காவிட்டால் என்ன செய்வது?

இவ்வளவும் பார்த்த பிறகும் சுவர் இருக்கட்டும் என்பதே என் கட்சி. பின்தொடர்பவனும் விசாரிப்பவனும் வாக்குமூலம் எழுதுபவனும் ஒரே ஆளானால் என்னவாகும் என்று நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் முன் கொடுத்த வாக்குமூலமே சாட்சியம் என்கிற அங்கத்தைய பயங்கரவாதத் தடைச் சட்டத்தோடு நீ வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டியவன். ஆனாலும் ஏப்ரல் 21ஐப் பற்றி எழுதும்போது உன் கை வேறு பக்கம் சாய்வது தெரிகிறது. எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருந்திருந்தால் அந்தக் கடிதம் உறங்கியிருக்காது என்று நினைக்கிறாயா? அங்கே எல்லாம் ஜனாதிபதிக்குக் கீழேதானே இருந்தது! இதை அடுத்த கடிதத்தில் வாதாடு, விடமாட்டேன்.

தம்பியின் மகன் ஓகஸ்டில் ஊருக்கு வருகிறான். முன்னாள் ஜனாதிபதியை 10 கோடி ரூபா கட்டச் சொன்ன 2023 ஜனவரித் தீர்ப்பின் பிரதி, உன் கைக்குறிப்புகளோடு, அவனிடம் கொடுத்துவிடு. அவன் பெட்டியில் இடம் இருக்கிறது. இங்கிருந்து என்ன வேண்டும் என்று மாமியிடம் கேட்டு எழுது.

அன்புடன்,
நாதன்