ஒக்டோபர் 2ஐ முழுதாகச் சொல்லிக்கொடுங்கள்: மலையகப் பாடசாலைகளுக்கு ஒரு திறந்த மடல்

மலையகத் தமிழ்ப் பாடசாலைகளின் அதிபர்களுக்கும் ஆசிரியர்களுக்கும், தோட்டங்களில் விழா எடுக்கும் வாசிகசாலை, கோயில் சபையாருக்கும்,

வணக்கம். முப்பது வருடங்களுக்கு மேல் தோட்டப் பாடசாலைகளில் படிப்பித்து ஓய்வு பெற்றவள் நான். உங்களில் ஒருத்தி என்ற உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

என் பழைய மாணவி ஒருத்தி இப்போது ஆசிரியை. அவள் கூப்பிட்டதால் ஓர் ஒக்டோபர் 2ஆம் திகதி அவளுடைய பாடசாலைக்குப் போயிருந்தேன். மேசையில் காந்தியடிகள் படம், செவ்வந்தி மாலை, ஊதுபத்தி. பேச்சு, பாட்டு எல்லாம் முடிந்து பொது அறிவுப் போட்டி தொடங்கியது. “காந்தியடிகள் பிறந்த அதே நாளில் பிறந்த இன்னோர் இந்தியத் தலைவர் யார்?” என்று கேட்டார்கள். கேள்வி முடியுமுன்னே ஒரு பிள்ளை எழுந்து, “லால் பகதூர் சாஸ்திரி” என்றாள். சரியான விடை. எல்லாரும் கைதட்டினார்கள். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

எனக்குப் பின்வரிசையில், பேத்தியின் ஆட்டம் பார்க்க வந்திருந்த ஒரு பாட்டி என் தோளைத் தொட்டார்.

“டீச்சர், அந்த ஒப்பந்தத்து சாஸ்திரியா?”

“ஆமாங்கம்மா.”

“அவரு பொறந்த நாளா இன்னைக்கு?”

அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. விழா முடிந்து தேத்தண்ணி கொடுத்தபோது அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அண்ணன்மார் இரண்டு பேர் அந்த ஒப்பந்தத்தால் இந்தியாவுக்குப் போனவர்களாம். ஒருவர் தமிழ்நாட்டுக் கூடலூரில் செத்துப்போன சேதி எப்போதோ வந்ததாம். மற்றவர் எங்கே இருக்கிறார், இருக்கிறாரா என்பதே தெரியாதாம். மேடையில் அந்தப் பெயரைச் சொல்லிக் கைதட்டு வாங்கிய பிள்ளை வேறு யாருமில்லை, அவருடைய பேத்தியின் வகுப்புத் தோழி. இருவரும் ஒரே லயம், தோட்டத்து வரிசை வீடு.

அன்றைக்கே எழுதியிருக்க வேண்டிய மடல் இது.

ஒக்டோபர் 2 உலகத்துக்கு ஒரு நல்ல நாள். 1869இல் போர்பந்தரில் காந்தி பிறந்தார். இந்தியாவில் அன்று தேசிய விடுமுறை. 2007ஆம் ஆண்டு ஜூனில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை அந்த நாளைச் சர்வதேச அகிம்சை தினமாக்கியது. 1904இல் சாஸ்திரி பிறந்ததும் அதே நாளில். 1975இல் காமராஜர் கண்மூடியதும் அதே நாளில். சில வருடங்களில் நவராத்திரியும் வந்து சேர்ந்துகொள்ளும். 2025இல் விஜயதசமி ஒக்டோபர் 2இல்தான் வந்தது. வாணி விழாவும் காந்தி ஜெயந்தியும் ஒரே காலையில். நமக்குக் காந்தி வெறும் படத்தில் உள்ளவரும் அல்லர். 1927 நவம்பரில் கதர் நிதி திரட்ட இலங்கைக்கு வந்தவர் கண்டிக்கும் பதுளைக்கும் வந்தார். அவர் பிறந்த 1869இல்தான் இந்த மலைகளில் கோப்பி இலையில் துருநோய் கண்டது. அந்த நோய் கோப்பியை அழித்து, தேயிலைக்கு வழிவிட்டு, நம் முன்னோரை இங்கே நிலைக்க வைத்தது.

இவ்வளவும் சேர்ந்திருக்கிற ஒரு நாளில், நம் வாழ்க்கையை நேராகத் தொட்ட ஒருவருடைய பெயரை மட்டும் போட்டி விடையாக்கிக் கடந்துபோகிறோம். எனக்குப் பொறுக்காதது அதுதான்.

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி, புதுடில்லியில், இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டார்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டிருந்த நம்மவரை 975,000 பேர் என்று கணக்கிட்டார்கள். அதில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. மிஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்வதென்று வைத்தார்கள். அந்தப் பிறகு 1974இல் வந்தது. இந்திரா காந்தியும் சிறிமாவோவும் அந்த மிச்சத்தை ஆளுக்கு 75,000 என்று சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எந்தப் பேச்சிலும் கொழுந்து பறித்தவளிடமோ கவ்வாத்து வெட்டியவனிடமோ “நீ எங்கே இருக்க விரும்புகிறாய்” என்று கேட்டவர் இல்லை.

ஏழுக்கு நான்கு என்று விகிதம் போட்டார்கள். விகிதம் லயத்துக்குள் வந்தபோது என்ன ஆனதென்று எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன்.

எங்கள் தாத்தா இலங்கைப் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டார். என் பெரியம்மாவின் புருஷன் வீட்டார் இந்தியாவுக்குப் போட்டார்கள். அம்மாவும் பெரியம்மாவும் ஒரே காம்பராவில் பிறந்து, ஒரே மலையில் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்தவர்கள். 1972இல் பெரியம்மா குடும்பத்துக்கு இந்தியப் பாஸ்போட்டு வந்தது. சேமலாப நிதிக் காசு வாங்கி, ஒரு டிரங்குப் பெட்டி வாங்கி, கோயிலில் கற்பூரம் ஏற்றிவிட்டுக் கிளம்பினார்கள். தலவாக்கலை ஸ்டேஷனில் எங்கள் தோட்டமே நின்றது. ரயில் கோச்சி அசைந்ததும் எழுந்த சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது. இழவு வீட்டில் மாரடித்து அழுவதுபோல் பெட்டிக்குள்ளேயும் வெளியேயும் அழுதார்கள். ஒப்பாரிக் கோச்சி என்று நம்மவர்கள் அதற்குப் பெயர் வைத்தது அதனால்தான். அம்மாயி மட்டும் அழவில்லை. கோச்சி போன பிறகும் வெகுநேரம் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தார்.

தலைமன்னார், ராமானுஜம் கப்பல், இராமேஸ்வரம், மண்டபம் முகாம். பிறகு கோத்தகிரிப் பக்கம். அங்கேயும் தேயிலைதான். ஐந்து மாதம் கழித்து முதல் கடிதம் வந்தது. பெரியம்மாவுக்கு எழுதத் தெரியாது, யாரோ எழுதிக்கொடுத்திருந்தார்கள். எல்லாரையும் நலம் விசாரித்த பிறகு, “சிவப்பி கன்னு போட்டுச்சா? கெடேரியா காளையா?” என்று கேட்டிருந்தார். விட்டுப்போன பசு அது. கெடேரிதான் போட்டிருந்தது. அம்மா பதில் போட்டார். பதில் போய்ச் சேர்ந்ததா என்று தெரிய அடுத்த கடிதம் வரவேண்டும். அது வரவே இல்லை.

அந்த நாட்டு அரசாங்கக் காகிதங்களில் பெரியம்மாவைப் போன்றவர்களுக்குத் “தாயகம் திரும்பியோர்” என்று பெயர். தலவாக்கலை மலையில் பிறந்து, அதற்கு முன் கடலைக்கூடக் கண்டிராத ஒருத்தி எங்கே திரும்பினாள்? அங்கே உள்ளவர்கள் அவர்களைச் சிலோன்காரர் என்றார்கள். இங்கே நம்மை இந்தியாக்காரர் என்றவர்கள் இருந்தார்கள்.

சாஸ்திரியைத் தூற்றும் நாளாக ஒக்டோபர் 2ஐ மாற்றுங்கள் என்று நான் கேட்கவில்லை. அவர் நல்ல மனிதர் என்றே நானும் படித்திருக்கிறேன், படிப்பித்தும் இருக்கிறேன். இரண்டு வயது ஆகுமுன் தகப்பனை இழந்தவர். பதவியில் இருந்தும் எளிமையாக வாழ்ந்தவர். 1956 நவம்பரில் அரியலூரில் ரயில் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்தபோது, ரயில்வே மந்திரியாக இருந்த அவர் தன் பொறுப்பென்று சொல்லிப் பதவியை விட்டிறங்கினார். அரியலூர் அப்போது திருச்சி மாவட்டத்தில் இருந்தது. திருச்சியிலிருந்து மலையேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நம் தோட்டங்களில் எத்தனை பேர்! அந்தச் சீமையில் நடந்த விபத்துக்காக மனம் நொந்து பதவி துறந்தவர்தான், எட்டு வருடம் கழித்து, பிரதமராகி ஐந்து மாதம் முடியுமுன்னே, அதே சீமைச் சனங்கள் ஐந்தேகால் இலட்சம் பேரைக் கோச்சியேற்றும் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். இரண்டும் ஒரே மனிதர் செய்தவை. பிள்ளைகளுக்கு இரண்டையும் சொல்லுங்கள். ஒரு நல்லவர் நம் விஷயத்தில் ஏன் அப்படி முடிவெடுத்தார், அதற்கு முன்னே 1948இல் கொழும்பில் என்ன நடந்தது, 1954இல் நேருவும் இலங்கைப் பிரதமர் கொத்தலாவலையும் என்ன பேசினார்கள் என்று அவர்களே கேட்கத் தொடங்குவார்கள். தரம் 9 பிள்ளைக்கு அந்தக் கேள்வி கனமானதல்ல. நான் வகுப்பில் பார்த்திருக்கிறேன்.

காமராஜரையும் விட்டுவிடாதீர்கள். என் தகப்பனார் தலைமுறைக்கு அவர் பெயர் வீட்டுப் பெயர் மாதிரி. நம்மவர் கோச்சியேறிக்கொண்டிருந்த காலத்தில்தான், 1975இல், அவர் போனார்.

அகிம்சை என்றால் தண்டியில் உப்பெடுத்த கதையோடு நிறுத்திவிடுகிறோம். 1952இல், பிரஜாவுரிமையும் வாக்கும் பறிபோனதை எதிர்த்து இலங்கை இந்தியக் காங்கிரஸ் கொழும்பில் பிரதமர் அலுவலகத்தின் முன் சத்தியாக்கிரகம் இருந்தது. தோட்டத்திலிருந்து போன நம் ஆட்கள் அங்கே உட்கார்ந்தார்கள். கல்லெறியவில்லை, கடையை உடைக்கவில்லை, உட்கார்ந்தார்கள். அதற்கும் முன்னே 1940 ஜனவரியில், ஹேவாஹெட்டைப் பக்கம் முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்ட போராட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் சூட்டில் செத்தார். அகிம்சை தினத்தன்று சொல்ல நமக்கு நம் கதைகளே இருக்கின்றன. பேச்சுப்போட்டிக்கு வரும் பிள்ளை ஒவ்வொரு வருடமும் இணையத்தில் எடுத்த அதே காந்தி கட்டுரையை மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறது. அது பிள்ளையின் குற்றமல்ல. நாம் வேறொன்றும் கொடுக்கவில்லை.

இதைச் செய்வதற்கு வழி நம் நாட்காட்டியிலேயே இருக்கிறது. இலங்கையில் ஒக்டோபர் 1 சிறுவர் தினம், முதியோர் தினமும் அன்றுதான். அன்று காலை பாடசாலையில் பிள்ளைகளுக்கு இனிப்பும் விளையாட்டும். அதே காலையில் தோட்டத்தில் முதியோரைக் கூட்டி ஒரு பொதி உலருணவோ ஒரு போர்வையோ கொடுத்து அனுப்புகிறார்கள். ஒரே நாளில் கொண்டாடப்படும் பேரனும் பாட்டியும் ஒருவரையொருவர் பார்க்காமலே அந்த நாள் முடிகிறது. ஒக்டோபர் 1 அன்று மத்தியானம் வீட்டுக்குப் போகும் பிள்ளையிடம் ஒரே ஒரு கேள்வியைக் கொடுத்தனுப்புங்கள்: “நம் குடும்பத்தில் யார் போனார்கள்?” பாட்டியிடமோ தாத்தாவிடமோ கேட்டு எழுதிக்கொண்டு வரட்டும். மறுநாள் காந்தி படத்துக்கு மாலை போட்ட பிறகு அதை வாசிக்கட்டும். கடிதம் இருந்தால் கடிதம், பழைய பாஸ்போட்டின் நிழற்பிரதி இருந்தால் அது, ஒன்றுமில்லாவிட்டால் வெறும் பெயர். கேட்க அவசரப்பட வேண்டும். கோச்சி ஸ்டேஷனை விட்டுப் போனதைக் கண்ணால் கண்டவர்கள் வருடத்துக்கு வருடம் குறைகிறார்கள். என் அம்மாவும் போய்விட்டார்.

நான் வேலையில் இருந்தபோதே இதைச் சொல்லிப் பார்த்தேன். “பாடத்திட்டத்தில் இல்லை, அரசியல் என்பார்கள், பழைய புண்ணைக் கிளறுவானேன்” என்றார்கள். அவர்கள் பயம் எனக்குப் புரிந்தது, அதனால் விட்டுவிட்டேன். விட்டது பிழை என்று இப்போது நினைக்கிறேன். 2003ஆம் ஆண்டு பிரஜாவுரிமைச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வாழ்ந்துவரும் இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் வாரிசுகளுக்கும் பிரஜாவுரிமை என்கிறது அது. சாஸ்திரி கையெழுத்திட்ட அதே திகதி. உங்கள் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளில் பலர் இந்த நாட்டுப் பிரஜைகளாக இருப்பது அந்தத் திகதியைக் கொண்டு எழுதிய சட்டத்தால். அது பழைய கதையாக இருந்தால் சட்டத்தில் ஏன் இருக்கிறது?

இன்னுமொன்று. வாசிகசாலைத் தம்பிமாருக்குச் சொல்கிறேன். கோத்தகிரியிலும் குன்னூரிலும் கூடலூரிலும் போனவர்களின் பேரப்பிள்ளைகள் கையில் இப்போது கைப்பேசி இருக்கிறது. பிள்ளைகள் எழுதிக்கொண்டு வரும் பெயர்களை ஊர், தோட்டம், டிவிஷன், லயம், போன வருடம் என்று ஒரு கொப்பியில் சேர்த்து எழுதி வையுங்கள். தேடுகிறவன் அந்தப் பக்கமிருந்தும் தேடுவான். அவனுக்குத் தெரிந்தது தோட்டத்தின் பெயர் ஒன்றாகத்தான் இருக்கும்.

எந்தப் பாடசாலையாவது இதைச் செய்வதாக முடிவெடுத்தால், ஒக்டோபர் 2 காலையில் நானும் வருகிறேன். பெரியம்மாவின் கடிதம் என்னிடம் இருக்கிறது. மடித்த இடமெல்லாம் கிழிந்துவிட்டது, ஆனாலும் வாசிக்கலாம். பின்வரிசையில் இருந்த அந்தப் பாட்டியையும் முன்வரிசைக்குக் கூட்டிவந்து உட்கார வையுங்கள்.

இப்படிக்கு,
தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்த ஓய்வுபெற்ற ஆசிரியை